புஷ்பராணி மிஸ் கட்டைகளால் செய்த கியர்பெட்டி

செய்தி வந்தபோது நான் நானுஓயா ரயில் நிலையத்துக்கு வெளியே, நுவரெலியா போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தின் அலுவலக உதவியாளர் சமன்தான் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாகச் சத்தமாகப் பேசுகிற மனிதர், அன்று சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாக மெதுவாகச் சொன்னார். காலையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த புஷ்பராணி மிஸ் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அவருக்கு நாற்பத்தாறு வயது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் எழுதாமல் இழுத்தடித்த ஒரு கடிதத்தைப் பற்றி இனிக் கேட்க ஆளில்லை என்று மனதில் ஏதோ இலேசானது. ஒரு கணம்தான். பஸ் புறப்படுவதற்குள் அந்த நினைப்பே என்னைக் குமட்டியது. ஆனாலும் அது வந்தது வந்ததுதான்.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறோம், அவரோடு அதிக காலம் வேலை செய்தவர் நீங்கள், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மாணவர்கள் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை. அதனால் மலருக்குப் பொருந்தாத சில விஷயங்களும் இதில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு வருடங்களுக்கு முன் மாற்றலாகி இங்கே வந்தபோது இரண்டு சுவெட்டர், அதற்கு மேல் ஒரு கோட், தலையில் குரங்குக் குல்லா என்று பொதியாகத்தான் வந்து இறங்கினேன். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு நுவரெலியாக் குளிர் ஒத்துவரவில்லை. பட்டறையில் நீல மேலங்கியோடு ஒரு பெண் காரின் முன்மூடிக்குள் தலையை விட்டிருந்தார். நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க சார். இதுல ஆளு எங்க இருக்காங்க, உடுப்பு எங்க முடியுதுன்னு தெரியலையே" என்றார். பக்கத்தில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையே தன் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சுடுதண்ணீர்ப் போத்தலை என் மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், தையல் மெஷின்களைத் திருத்துகிறவர்களின் பின்னாலேயே நின்று நின்று தொழிலைக் கற்றுக்கொண்டு, பிறகு பரீட்சை எழுதி எங்கள் நிலையத்தில் வாகன மின்சாரம் படிப்பிக்க வந்தவர். நான் டிப்ளோமாக்காரன். முப்பது வருட அனுபவம், வெளியிலிருந்து வாகனங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதக் கூப்பிடுகிற அளவுக்குப் பெயர். அந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் மனதில் எப்போதும் வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும்.

பொம்மைக் கட்டைகள் வந்தது நான் வந்ததற்கு அடுத்த வருடம். லொறியின் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலை நான் கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு அதிக தூரம் ஓடவேண்டும், உட்பக்கச் சில்லு குறைவாக ஓடவேண்டும், இரண்டையும் ஓர் இன்ஜின்தான் சுற்றுகிறது, எப்படி என்று மூன்று நாள் வரைந்தும் வகுப்பில் யாருக்கும் ஏறவில்லை. நான்காம் நாள் புஷ்பராணி மிஸ் ஒரு சாக்குப் பையோடு வந்தார். பஸ் நிலையத்துக்கு அருகில், வெளிநாட்டுப் பழைய சாமான் விற்கும் கடையில் கிலோக் கணக்கில் வாங்கியது. ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டைகள், துளையிட்ட சட்டங்கள், பற்சில்லுகள், இரண்டொரு சின்ன மோட்டார்கள், விரல் நுனி அளவில் ஒரு டிஃபரன்ஷியல்கூட அதில் இருந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, பட்டறை ஜன்னலில் பரப்பிக் காயவைத்தார்.

"இதென்ன பாலர் பாடசாலையா மிஸ்?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார். எனக்கும் அப்படித்தான் வெளங்குது" என்றார்.

கட்டைகளால் ஒரு சின்ன வண்டி செய்து, ஒரு மாணவியிடம் ஒரு சில்லை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மற்றச் சில்லு இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றியது. அதை விட்டு மற்றதைப் பிடித்ததும் முதலில் நின்றது சுற்றியது. நடுவில் இருக்கும் கூடு இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கணக்குப் பார்க்கிறது, ஒரு பக்கத்தில் குறைந்தால் மறுபக்கத்தில் கூடும் என்றார். மூன்று நாளில் நான் செய்ய முடியாததை அவர் கால் மணித்தியாலத்தில் செய்தார். பெருமைப்பட்டிருக்க வேண்டும். நான் எரிச்சல்தான் பட்டேன்.

அந்த வகுப்பிலேயே ஒரு மாணவர், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் கார்கள் டவுனுக்கு நிறைய வருகின்றனவே, அவற்றுக்கு எத்தனை கியர் என்று கேட்டார். நான் யோசிக்காமல், அதுவும் ஓட்டோமெட்டிக் கியர்பெட்டிதான், உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்றேன். புஷ்பராணி மிஸ், "எனக்குத் தெரியல தம்பி. பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவருக்கு ஒருபோதும் கூச்சம் இருந்ததில்லை. "தெரியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் நிம்மதியா படிக்கலாம் சார்" என்பார். அவர் உண்மையிலேயே பார்த்துவிட்டு வந்து சொன்னார். அன்று நான் வகுப்பில் இருக்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்கவுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம், நுவரெலியாவில் உள்ள ஒரு ஹோட்டலின் கார், உடப்புசல்லாவைப் பக்கத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், வளைவைத் தாண்டித் தேயிலைக்குள் பாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. அது ஒரு ஹைபிரிட் கார். உயிர்ச்சேதம் இல்லை. பின்னால் இருந்த விருந்தாளி ஒருவருக்குத் தோள்பட்டை முறிந்தது. ஓட்டிய முருகேசுவுக்கு வலது முழங்கால் நொறுங்கியது. புஷ்பராணி மிஸ்ஸின் லயத்திலேயே, இரண்டு காம்பரா தள்ளிக் குடியிருந்தவர் அவர். ஹோட்டல்காரர்கள் காரைப் பரிசோதித்து அறிக்கை தரும்படி என்னைக் கேட்டார்கள்.

மலைநாட்டு ஓட்டுநர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நீண்ட இறக்கம் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவார்கள். இன்ஜின் இழுத்துப் பிடிக்காததால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிக் கடைசியில் பிடிக்காமல் போய்விடும். இப்படிப் பள்ளத்தில் போன எத்தனையோ வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கராஜில் நின்ற காரைப் போய்ப் பார்த்தேன். பிரேக் கட்டைகள் கருகியிருந்தன. கியர் லீவர் நியூட்ரலில் இருந்தது. வேறென்ன வேண்டும்? முருகேசு ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்குமூலத்தில், லீவரை 'பி'யில்தான் போட்டிருந்தேன், திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்தது, வண்டி அப்படியே லேசாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். அந்தக் காரில் 'பி' என்பது நிறுத்தி வைக்கும் P அல்ல, B; இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பதற்கென்றே உள்ள இடம். 'பி'யில் இருக்கிற வண்டி லேசாகாது என்று நான் முடிவுசெய்தேன். ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். முருகேசுவிடம் ஒரு வார்த்தை நேரில் கேட்கவில்லை.

ஹோட்டல் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. சின்ன ஊர். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று வாடகை வான் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு ஒருவரும் முருகேசுவின் கையில் சாவி கொடுக்கவில்லை. மரக்கறிச் சந்தையில் உட்கார்ந்து லீக்ஸ் கட்டுகிற வேலைதான் அந்தக் காலுக்குக் கிடைத்தது.

அறிக்கை போன மறுநாள் புஷ்பராணி மிஸ் என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், அந்த லீவரை உங்களுக்கு முந்தி யாரு தொட்டாங்கன்னு கேட்டீங்களா? பள்ளத்துலேருந்து இழுக்கிறவங்க நியூட்ரல்ல போட்டுத்தானே இழுப்பாங்க?"

எனக்கு முகம் சூடேறியது. ஏனென்றால் நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவேயில்லை. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதிலாக நான் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"மிஸ், அவர் உங்கட லயத்து ஆள். நீங்கள் அப்பிடித்தான் கதைப்பீங்கள். எனக்கு விளங்குது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் உடுப்பைப் பற்றி அவர் ஒருநாளும் பகிடி செய்யவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மாணவர்கள் போன பிறகு, ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். சாம்பல் நிறக் கட்டைகளால் கட்டிய ஒரு சட்டம். நடுவில் அந்தச் சின்ன டிஃபரன்ஷியல். அதன் இடது பக்க அச்சில் ஒரு மோட்டார், வலது பக்க அச்சில் இன்னொரு மோட்டார். நடுக் கூட்டிலிருந்து ஒரு பற்சில்லு வழியாக வெளியே வந்த அச்சில் நூல் சுற்றியிருந்தது. நூலின் முனையில் பட்டறைக் கதவின் பித்தளைப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு குட்டி லீவர் வேறு. அதில் என், டி, பி என்று எழுதி ஒட்டியிருந்தார்.

"இடப்பக்கம் இன்ஜின்னு வச்சுக்கங்க சார். வலப்பக்கம் கரண்ட் மோட்டார். பூட்டுதான் கார்."

இடது மோட்டாரை ஓடவிட்டார். அதே வேகத்தில் வலது மோட்டாரைத் தலைகீழாக ஓடவிட்டார். இரண்டு மோட்டாரும் இரைந்தன. பூட்டு அசையவில்லை. ஒரு பக்கத்துக் கூட்டலை மறுபக்கத்துக் கழித்தல் சாப்பிட்டுவிட்டது. பிறகு ஒரு திருகியைத் தொட்டு வலது மோட்டாரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பூட்டு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. இன்னும் குறைக்க, இன்னும் வேகமாக ஏறியது. வலது மோட்டாரை நேர்ப்பக்கமாகத் திருப்பியதும் விறுவிறுவென்று உச்சிக்கு வந்தது. இடது மோட்டாரின் வேகம் இவ்வளவு நேரமும் மாறவேயில்லை. ஒரு பற்சில்லுகூட இடம் மாறவில்லை. முதலாம் கியர், இரண்டாம் கியர் என்று படி எதுவும் இல்லை. பூச்சியத்திலிருந்து முழு வேகம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போவதுபோல் போனது.

"இந்தக் காருக்கு எத்தனை கியர்னு அன்னைக்கு அந்தத் தம்பி கேட்டுச்சே. இதுதான் சார். எண்ணிச் சொல்ல முடியாது."

நான் தலையாட்டினேன். எங்கே கொண்டுபோகிறார் என்று புரியத் தொடங்கியது.

குட்டி லீவரைத் தள்ளி 'பி'யில் வைத்தார். இரண்டு மோட்டாரும் மெதுவாக ஓட, பூட்டு பாரத்தோடு நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப இறக்கத்துல போறோம். பாத்துக்கிட்டே இருங்க."

வலது மோட்டாரின் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். பூட்டு சடாரென்று விழுந்து மேசையில் மோதியது. வலது மோட்டார் சும்மா பின்பக்கமாகச் சுற்றி ஓய்ந்தது. இடது மோட்டார் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருந்தது.

"லீவர் எங்க இருக்குன்னு பாருங்க சார்" என்றார்.

'பி'யில்தான் இருந்தது.

ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் மறுபக்கத்து இன்ஜின் எவ்வளவு பலமாக இருந்தும் பிரயோசனமில்லை. அது கொடுக்கும் பிடி எல்லாம் அந்தப் பிடிக்காத பக்கத்தால் வழிந்து போய்விடும். நான் அறிந்த பழைய கியர்பெட்டிகளில் கியரில் இருக்கும் வண்டியின் இன்ஜினும் சில்லும் கட்டிப்போட்டதுபோல் சேர்ந்தே இருக்கும். இதில் அப்படி இல்லை. மின்சாரப் பக்கம் ஒரு நொடியில் கைவிட்டால், லீவர் எங்கே இருந்தாலும் வண்டி நியூட்ரலில் உருளுகிற வண்டிதான். முருகேசு சொன்ன "லேசாகிவிட்டது" என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான விளக்கம் கிடையாது.

அவர் அதோடு விடவில்லை. கராஜுக்கு இரண்டு தடவை போயிருந்தார். காரை மேலே இழுத்த ஆட்களைக் கண்டு பேசியிருந்தார். நியூட்ரலில் போட்டது தாங்கள்தான் என்று அவர்களே சொன்னார்களாம். மின்சார மோட்டாரை இயக்கும் பெட்டி சூடாகாமல் தண்ணீர் ஓட்டுகிற ஒரு சின்னப் பம்ப் உண்டு. அதைத் தனியே கழற்றி மின்சாரம் கொடுத்துப் பார்த்திருந்தார்.

"பம்ப் இறுகிப்போயி கெடக்கு சார், சுத்தவே மாட்டேங்குது. பெட்டி கொதிச்சு தன்னைக் காப்பாத்திக்க கட் பண்ணிருச்சு. அவரு பிரேக்கை மிதிச்சு மிதிச்சுத்தான் அது கருகியிருக்கு."

நான் நாற்காலியில் சாய்ந்தேன். எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

"ஒரு திருத்தக் கடிதம் எழுதிட்டீங்கன்னா போதும் சார். நீங்கதான் எழுதணும். நான் எழுதினா நீங்க சொன்ன மாதிரி லயத்து ஆளுன்னுதான் சொல்லுவாங்க."

"பாப்பம் மிஸ்" என்றேன்.

அந்தப் 'பாப்பம்' ஏழு மாதம் நீண்டது. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. நல்ல பெயரோடு ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற ஆசை. அந்த ஹோட்டல் மாத்திரமில்லை, வேறு பலரும் என் கையெழுத்தை நம்பி முடிவெடுத்தவர்கள். ஒரு பிழை வெளியே வந்தால் பழைய அறிக்கைகளையும் கிளறுவார்களே என்ற பயம். பொம்மைக் கட்டையால் ஒரு பெண் என்னைத் திருத்தினார் என்று பட்டறை முழுவதும் பேசுமே என்ற அற்பத்தனம். இதற்கு மேல் நாகரிகமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

முதல் மாதத்தில் மூன்று முறை கேட்டார். "சார், கடிதம்?" அவ்வளவுதான். ஒருமுறை மட்டும் கொஞ்சம் கூடப் பேசினார். முருகேசுவிடம் இதைப் பற்றி நீங்கள் சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, "இல்லீங்க சார். நீங்க எழுதின பொறகு சொல்லிக்கலாம். இப்ப சொல்லி, அப்புறம் நடக்கலேன்னா அந்த மனுசன் ரெண்டாந்தரம் விழுந்துருவாரு" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கத்தைவிட ஆறுதல்தான் அதிகம் வந்தது. அவர் சொல்லவில்லை, ஆகவே அவசரமில்லை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் மாதத்துக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கட்டைக் கியர்பெட்டி மட்டும் என் மேசை ஓரத்தில் இருந்தது. ஒருநாள் இடைஞ்சலாக இருக்கிறது என்று சமனிடம் சொல்லி அலுமாரிக்குள் வைப்பித்தேன். மிஸ் அதைக் கவனித்தார். 

மரணவீட்டுக்கு நான் போனது உங்களில் பலருக்குத் தெரியும். லயத்து முற்றத்தில் சேறு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய கணவர் வந்து சேர்வதற்குள் பாதிச் சனம் கூடிவிட்டது. ஒற்றைக் காலை இழுத்து இழுத்து, எல்லோருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் முருகேசு. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு நாற்காலியைத் தட்டி வைத்தார்.

"இவ்வளவு தூரம் வந்தீங்களே சார். அக்கா உங்களைப் பத்தி ரொம்ப மரியாதையாத்தான் பேசும்."

அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எழுந்து ஓடவேண்டும் போல் இருந்தும் உட்கார்ந்தேன். தப்பு மேளச் சத்தம் தொடங்கியபோது பெண்கள் அழுதார்கள். என்னால் அழ முடியவில்லை, அழுவதற்கு எனக்கு என்ன உரிமை என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்துக் கடிதத்தை எழுதினேன். எழுத அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. என் அறிக்கை பிழையானது, ஓட்டுநரின் வாக்குமூலம் சரியானது, இதைக் கண்டுபிடித்தவர் புஷ்பராணி மிஸ், எனக்கு இது தெரிந்து ஏழு மாதமாகிறது என்று நான்கு விஷயங்களையும் எழுதினேன். ஹோட்டலுக்கும் பொலிஸுக்கும் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் அனுப்பினேன். இதை எழுதும் இன்றுவரை ஹோட்டலிலிருந்து பதில் வரவில்லை. வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. பிந்திப்போன கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மரக்கறிச் சந்தைக்குப் போனேன். முருகேசு காலை நீட்டிச் சாக்கின் மேல் உட்கார்ந்து லீக்ஸைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். நிமிர்ந்து பார்த்து, நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"அப்ப நான் 'பி'யிலதான் போட்டிருந்தேனா சார்?"

"ஓம் முருகேசு. நீங்கள் சொன்னதுதான் சரி. நான்தான் பிழை விட்டனான்."

"நான் அப்படித்தான் சொன்னேன். ஆனா படிச்சவரு எழுதியிருக்காருன்னு சொன்னதும், பயத்துல நாந்தான் நியூட்ரல்ல தள்ளிட்டு மறந்துட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். பொறகு பொறகு யோசிச்சா, தள்ளின மாதிரியே கண்ணுல தெரியுது சார். வீட்டுலயும் என் தப்புதான்னு சொல்லிட்டேன்." கடிதத்தை மறுபடியும் பார்த்தார். "இது அக்காவுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியும் என்றேன். எத்தனை மாதமாக என்றும் சொன்னேன்.

"டெய்லி பஸ்ஸுக்குப் போறப்ப சொல்லும், 'நீ அப்படி செய்யிற ஆளு இல்ல முருகேசு, மனச விட்டுறாத'ன்னு. ஆறுதலுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன் சார்." கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "நீங்களே வீட்டுக்கு வந்து சொல்லிருங்க. நான் சொன்னா பொண்டாட்டி நம்பாது."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய மனைவி நின்றபடியே முழுவதையும் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவேண்டும் என்றும் விரும்பினேன். அவர் திட்டவில்லை. புஷ்பராணி மிஸ்ஸின் பூட்டிக் கிடந்த காம்பராப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அது இங்க வந்து ஒக்காந்து எத்தனையோ தடவை சொல்லிச்சுங்க, இவரு மேல தப்பு இல்லைன்னு. 'ஒங்களுக்கு என்னக்கா தெரியும், பெரிய சார் எழுதியிருக்காருல்ல'ன்னு நாந்தான் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அதுக்குப் பொறகும் ஒங்களை ஒரு வார்த்தை கொறைச்சு சொல்லல."

அவர்மேல் எனக்கிருந்த மரியாதையை நான் ஒருநாளும் காட்டவில்லை. என்மேல் அவர் வைத்திருந்த மரியாதையை நான் காலடியில் போட்டு மிதித்த பிறகும் அவர் ஊரில் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் கையில் உண்மை இருந்தது, என் கையில் முத்திரை இருந்தது. அவருடைய பக்கத்து வீட்டார்கூட முத்திரையைத்தான் நம்பினார்கள். மிஸ், நான் பிழை விட்டுவிட்டேன் என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏழு மாதம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த வெட்கத்தைத்தான். இதை ஆற விடமாட்டேன்.